நாளைய முகமும் நேற்றைய இருதயமும்

கடிகாரம் என்றவுடனே நம் மனக்கண் முன் ஒரு வட்டந்தான் தோன்றுகிறது. சூரியன் வட்டம், பூரண சந்திரன் வட்டம், காலமே ஒரு சக்கரம் என்பது நம் முன்னோர்களின் கொள்கை. ஆகவே, காலத்தைக் காட்டும் கருவியும் வட்டமாக இருப்பதே நியாயம் என்று உலகம் நம்பி வந்ததில் ஆச்சரியமில்லை. சதுரமாகவும் நீள்சதுரமாகவும் சில கைக்கடிகாரங்கள் வந்ததுண்டு. ஆனால், ஒரு பக்கம் அகன்று மறு பக்கம் கூர்ந்து, கேடயத்தைப் போலவும், ஆகாய விமானத்தின் இறக்கையைப் போலவும், இன்னதென்று சொல்ல முடியாத முக்கோணமாகவும் ஒரு கைக்கடிகாரம் இருக்க முடியும் என்று 1957-ம் வருஷத்துக்கு முன் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்த விசித்திரக் கடிகாரத்தின் பெயர் வெஞ்சுரா. செய்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ஹாமில்டன் கம்பெனியார். இன்றும் அது கடைகளில் கிடைக்கிறது. பழைய மோஸ்தரைத் தழுவிப் புதிதாகச் செய்யப்பட்டு, கையசைவினால் தானாகவே சாவி ஏறும் யந்திரத்துடன் விற்பனையாகிறது. இதில் என்ன அதிசயம் என்று நேயர்கள் கேட்கலாம். அதிசயம் இதுதான்: வெஞ்சுரா பிறந்ததே, ‘சாவி கொடுக்கும் கடிகாரங்களின் காலம் முடிந்துவிட்டது’ என்று உலகத்துக்குப் பறை சாற்றுவதற்காக! எந்தச் சுருள்வில்லைச் சவக்குழிக்கு அனுப்ப அது அவதரித்ததோ, அதே சுருள்வில்லை இன்று தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு உலவுகிறது. இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நேர்ந்தது என்பது அறிந்துகொள்ளத் தக்க கதை.

ரயிலுக்கு நேரம் சொன்ன ஊர்

அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாகாணத்தில் லாங்காஸ்டர் என்று ஓர் ஊர். 1892-ல் ஹாமில்டன் கம்பெனி அங்கே தோன்றியது. அதற்கு முந்திய வருஷம் ஒஹையோ மாகாணத்துக் கிப்டன் என்னும் இடத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதிப் பல உயிர்கள் மாண்டன. எஞ்சின் ஓட்டியவரின் கடிகாரம் 4 நிமிஷம் நின்று, பிறகு மீண்டும் ஓடத் தொடங்கியதுதான் விபத்துக்குக் காரணம் என்று சொல்லப்பட்டது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிராக வரும் வண்டிகளுக்கு 4 நிமிஷம் என்பது வாழ்வுக்கும் சாவுக்கும் உள்ள தூரம் அல்லவா? அந்த விபத்துக்குப் பின் ரயில்வே சிப்பந்திகளின் கடிகாரங்களுக்குக் கடுமையான விதிகள் ஏற்பட்டன. அவ்விதிகளுக்குத் தக்கபடி பிழையின்றி ஓடும் சட்டைப்பைக் கடிகாரங்களைச் செய்து புகழ் பெற்றவர்களே ஹாமில்டன் கம்பெனியார்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அவர்கள் பொதுஜனங்களுக்குக் கடிகாரம் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். கப்பல்கள் நடுக்கடலில் தாம் இருக்கும் இடத்தை அறிந்துகொள்ள உதவும் குரோனோமீட்டர் என்னும் நுட்பமான கடிகாரங்களை ஆயிரக்கணக்கில் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அளித்தார்கள். அதுவரையில் அத்தகைய கருவி ஒவ்வொன்றையும் கைதேர்ந்த நிபுணர்கள் தனித்தனியே இழைத்துச் செய்வதுதான் வழக்கம். அதைத் தொழிற்சாலையில் வரிசை வரிசையாகச் செய்து காட்டியது லாங்காஸ்டர்க்காரர்களின் சாதனை.

சுருள்வில்லுக்கு விடை கொடுத்தல்

யுத்தம் முடிந்த மறு வருஷமே, அதாவது 1946-ல், அவர்கள் ஒரு புதிய ஆராய்ச்சியில் இறங்கினார்கள். நானூறு வருஷங்களுக்கு மேலாகச் சிறு கடிகாரங்களை ஓட்டி வந்தது சுருட்டி வைத்த எஃகு வில். தினந்தோறும் அதற்குச் சாவி கொடுக்க வேண்டும். மறந்தால் கடிகாரம் நின்றுவிடும். வில்லுக்குப் பதிலாக ஒரு சிறு மின்கலத்தைப் பொருத்திவிட்டால், ஏறத்தாழ ஒரு வருஷத்துக்குக் கவலையே இல்லாமல் போகுமல்லவா?

சொல்வது எளிது, செய்து முடிக்கப் பத்து வருஷம் பிடித்தது. கடிகாரத்துக்குள் இப்படியும் அப்படியும் ஊசலாடும் பாலன்ஸ் சக்கரத்தின் மேல் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்றை ஏற்றினார்கள். அதன் கீழே அசையாத காந்தங்களைப் பதித்தார்கள். சக்கரம் ஊசலாடும்போது, தலைமயிர் போன்ற தொடுகம்பிகள் ஒரு கணம் சேர்ந்து மின்சாரத்தைச் சுருளுக்குள் விடும். காந்தம் சக்கரத்தை ஓர் உந்து உந்தும். உடனே கம்பிகள் விலகிக்கொள்ளும். சாதாரணக் கடிகாரத்தில் வில் சக்கரங்களைத் தள்ள, அவை பாலன்ஸை ஆட்டுகின்றன. இதிலோ பாலன்ஸே சக்கரங்களைத் தள்ளி முட்களை நகர்த்தியது. எஜமானனும் வேலைக்காரனும் இடம் மாறியதைப் போன்ற ஏற்பாடு!

1957-ம் வருஷம் ஜனவரி 3-ந் தேதி நியூயார்க் நகரில் பத்திரிகை நிருபர்களைக் கூட்டி ஹாமில்டன் கம்பெனியார் இந்தக் கடிகாரத்தை வெளியிட்டார்கள். உலகிலேயே முதன்முதலாக விற்பனைக்கு வந்த மின்சாரக் கைக்கடிகாரம் அது. 14 காரட் தங்கத்தில் செய்த வெஞ்சுராவின் விலை 200 டாலர்.

மின்னலுக்கு ஓர் உருவம்

உள்ளே இருக்கும் யந்திரம் புதியது என்பதை வெளியே பார்ப்பவன் எப்படி அறிவான்? வட்டமான உறைக்குள் வைத்தால் மற்றக் கடிகாரங்களோடு இதுவும் ஒன்றாகிவிடும். இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் ரிச்சர்டு ஆர்பிப் என்பவர். இவர் கடிகாரத் தொழிலில் வளர்ந்தவர் அல்லர். மோட்டார் கார்களுக்கு உருவம் வகுத்தவர். 1956-ல் ‘அஸ்ட்ரா நோம்’ என்று, வானத்திலிருந்து இறங்கி வந்ததுபோன்ற மாதிரிக் கார் ஒன்றைச் செய்து பார்ப்பவர்களைத் திகைக்க வைத்தவர்.

அது எப்படிப்பட்ட காலம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கார்களின் பின்புறத்தில் மீனின் துடுப்பைப் போலவும் ராக்கெட்டின் வாலைப் போலவும் இறக்கைகள் முளைத்திருந்தன. அணுசக்தி எல்லாத் துன்பங்களையும் தீர்த்துவிடும் என்று மக்கள் நம்பினார்கள். அதே 1957-ம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி ரஷ்யா ஸ்புட்னிக்கை வானத்தில் ஏவியது. எதிர்காலம் எதிர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டதாக உலகம் எண்ணிய நாட்கள் அவை.

அந்த எண்ணத்தை ஆர்பிப் மணிக்கட்டில் கட்டிவிட்டார். இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்ற பழைய இலக்கணத்தை அவர் பொருட்படுத்தவில்லை. மணிக்குறிகளுக்கு எண்கள் இல்லை, புள்ளிகள் மாத்திரமே. முகப்பின் நடுவே மின்னோட்டத்தைக் குறிப்பதுபோல் ஒடிந்து ஒடிந்து செல்லும் ஒரு கோடு. இதைத் தொடர்ந்து வந்த கடிகாரங்களுக்கு ‘எவரெஸ்ட்’ என்றும், நாம் திருவோணம் என்று வணங்கும் நட்சத்திரத்தின் மேனாட்டுப் பெயரான ‘ஆல்டெயர்’ என்றும் பெயர் சூட்டினார்கள். மலைச்சிகரமும் நட்சத்திரமுமாக அவர்கள் நோக்கமெல்லாம் மேலேயே இருந்தது.

1961-ல் வெளிவந்த ‘ப்ளூ ஹவாய்’ என்னும் ஸினிமாவில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி வெஞ்சுராவைக் கையில் கட்டிக்கொண்டு தோன்றினார். அதன் பிறகு அந்தக் கடிகாரமும் ஒரு நட்சத்திரமாகிவிட்டது.

பழுது பார்க்க ஆளில்லை

வெளியே இவ்வளவு கோலாகலம் நடந்துகொண்டிருக்க, உள்ளே வேறொரு கதை நடந்தது. மற்றவர்கள் முந்திவிடுவார்களோ என்ற அவசரத்தில் ஹாமில்டன் கம்பெனியார் கடிகாரத்தைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். பிரான்ஸ் தேசத்து லிப் கம்பெனியும் அமெரிக்காவின் எல்ஜின் கம்பெனியும் 1952-லேயே தங்கள் மின்சாரக் கடிகாரங்களின் மாதிரிகளைக் காட்டியிருந்தன. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் தலைமயிர் போன்ற அந்தத் தொடுகம்பிகள் சீக்கிரம் தேய்ந்தன. சற்று வளைந்தாலும் கடிகாரம் நின்றது.

நின்ற கடிகாரத்தை ஜனங்கள் எங்கே எடுத்துச் செல்வார்கள்? தங்கள் தெருவில், கண்ணில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்க்காரரிடந்தான். அவரோ ஆயுள் முழுவதும் சுருள்வில்லோடு பழகியவர். இந்தப் புதுக் கடிகாரத்தைத் திறந்து பார்த்தால் வில்லைக் காணோம். பாலன்ஸின்மேல் கம்பிச்சுருள் இருக்கிறது. அதை எப்படிச் சரி செய்வது என்று கற்றவர்கள் மிகச் சிலர். ஆகவே பழுதான கடிகாரங்கள் லாங்காஸ்டருக்கே மூட்டை மூட்டையாகத் திரும்பின. 1961-ல் யந்திரத்தைத் திருத்தி அமைத்தார்கள். அதற்குள் போட்டி வேறு பக்கத்திலிருந்து வந்துவிட்டது. 1960-ல் புலோவா கம்பெனியின் ‘அக்யூட்ரான்’ வெளிவந்தது. வினாடிக்கு 360 முறை அதிரும் ஓர் இசைக்கவையைக் கொண்டு அது ஓடியது. தேயக்கூடிய தொடுகம்பியே அதில் இல்லை.

1969-ம் வருஷம் ஹாமில்டன் மின்சாரக் கடிகாரத்தின் கதை முடிந்தது. கடிகாரத் தொழிலையே புரட்டிப்போட்ட வருஷம் அது. மார்ச் மாதத்தில் ஹாமில்டனும் சில ஸ்விஸ் கம்பெனிகளும் சேர்ந்து தானாகச் சாவி ஏறும் ‘குரோனோகிராப்’ ஒன்றை வெளியிட்டன. டிசம்பர் 25-ந் தேதி ஜப்பானின் ஸைகோ கம்பெனியார் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு சிறு படிகத்துண்டு வினாடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரத்தைக் காக்கிறது. மாதத்துக்கு 15 வினாடிக்கு மேல் அது பிசகுவது அபூர்வம்.

ஹாமில்டன் கம்பெனியார் சோர்ந்துவிடவில்லை. முட்களே இல்லாமல் சிவந்த ஒளி எண்களால் நேரம் காட்டும் ‘பல்ஸார்’ கடிகாரத்தை 1972-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். விலை 2,100 டாலர். அந்நாளில் அமெரிக்காவில் ஒரு சிறிய கார் வாங்கப் போதுமான தொகை. ஆனால் புதுமையை முதலில் காட்டுபவன் வேறு, அதைக் கொண்டு பிழைப்பவன் வேறு. 1974-ல் ஹாமில்டன் என்ற பெயர் ஸ்விட்ஸர்லாந்துக் கம்பெனிக் கூட்டம் ஒன்றின் கைக்குப் போயிற்று. அந்தக் கூட்டத்திலிருந்து வளர்ந்ததே இன்றைய ஸ்வாட்ச் ஸ்தாபனம். 2003-ல் தலைமைக் காரியாலயமும் ஸ்விட்ஸர்லாந்தின் பீல் நகருக்குக் குடிபெயர்ந்தது. லாங்காஸ்டரில் ஆயிரக்கணக்கான சிப்பந்திகள் வேலை செய்த செங்கல் கட்டிடம் இன்று குடியிருப்பாக மாறியிருக்கிறது. கோபுரங்கள் நிற்கின்றன, கடிகாரம் செய்யும் ஓசைதான் இல்லை.

வில் திரும்பி வந்தது

1988-ல் வெஞ்சுராவின் உருவத்துக்கு மறுபிறவி கிடைத்தது. உள்ளே குவார்ட்ஸ் யந்திரம். 1997-ல் ‘மென் இன் பிளாக்’ என்னும் ஸினிமாவில் அது தோன்றவே, அதன் பெயரையே கேட்டறியாத இளைஞர்களும் அதைத் தேடத் தொடங்கினார்கள். பிறகு, எல்விஸ் பிறந்து 80 வருஷம் நிறைந்த 2015-ல், பழைய உருவத்தைப் பெரிதாக்கி, கோணங்களைச் சற்று மழுக்கி, ‘எல்விஸ் 80’ என்று ஒரு கடிகாரத்தை வெளியிட்டார்கள். அதில் தானியங்கி யந்திரம் பொருத்திய வகையும் உண்டு.

தானியங்கி என்றால் மந்திரம் ஒன்றுமில்லை. கடிகாரத்தின் அடியில் அரைவட்டமான ஓர் எடை, அச்சில் சுழலும்படி மாட்டப்பட்டிருக்கிறது. நாம் கையை வீசி நடக்கும்போதும், எழுதும்போதும், சோறு பிசையும்போதும் அந்த எடை சுழலுகிறது. சிறு சக்கரங்கள் அந்தச் சுழற்சியைச் சேகரித்துச் சுருள்வில்லை இறுக்குகின்றன. வில் முழுவதும் இறுகியபின் அதன் வெளிமுனை பெட்டியின் சுவரில் வழுக்கிக்கொள்ளும். ஆகவே வில் அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர் கைக்கடிகாரத்துக்கு இந்த முறையை வகுத்து 1924-ல் ஸ்விட்ஸர்லாந்தில் உரிமைப் பத்திரம் பெற்றார். அவருடைய எடை இரு பக்கமும் முட்டித் திரும்பும். முழு வட்டமும் சுழலும் எடையை 1931-ல் ரோலக்ஸ் கம்பெனியார் கொண்டு வந்தார்கள்.

இன்றைய வெஞ்சுராவில் உள்ள யந்திரம் முழுதும் சாவி ஏறியிருந்தால் 80 மணி நேரம் ஓடும். நம் பழங்கணக்கில் சொன்னால் 200 நாழிகை. வெள்ளிக்கிழமை மாலையில் கழற்றி வைத்தால் திங்கட்கிழமை காலையிலும் நிற்காது. இந்த வகை யந்திரங்கள் முன்பு சுமார் 40 மணி நேரமே ஓடின. வில்லைச் சுற்றும் அச்சை மெல்லியதாக்கி நீண்ட வில்லுக்கு இடம் செய்தார்கள். மணிக்கு 28,800 முறை அடித்துக்கொண்டிருந்த துடிப்பை 21,600 ஆகக் குறைத்தார்கள். நிதானமாக நடப்பவன் நெடுந்தூரம் போகிறான் அல்லவா?

எதற்காக இந்தப் பிரியம்?

குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்தில் பிசகுவதைத் தானியங்கிக் கடிகாரம் இரண்டு மூன்று நாட்களிலேயே பிசகிவிடக்கூடும். விலையும் அதிகம். போதாததற்கு, நேரம் பார்க்கக் கைக்கடிகாரமே அவசியமில்லாதபடி எல்லார் சட்டைப்பையிலும் கைபேசி இருக்கிறது. இருந்தும் ஜனங்கள் இதை விரும்புகிறார்களே, ஏன்?

இது வெறும் பகட்டு என்று சிலர் சொல்லக்கூடும். பகட்டும் உண்டுதான், சந்தேகமில்லை. எதிர்காலத்தில் நம்பிக்கை வைத்திருந்த ஒரு காலத்தை நினைவுகூரும் ஆசையும் உண்டு. ஆனால் இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று இருப்பதாகவே தோன்றுகிறது. 1957-ல் செய்த மின்சாரக் கடிகாரத்தை இன்று உயிர்ப்பிக்க வல்லவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. 1957-ல் செய்த சாதாரணச் சாவிக் கடிகாரத்தையோ, ஒரு நல்ல ரிப்பேர்க்காரர் பிரித்துத் துடைத்து எண்ணெயிட்டு இன்றே ஓடவைத்துவிடுவார். எது நாளையதென்று கொண்டாடப்பட்டதோ அது மூப்படைந்துவிட்டது. எது நேற்றையதென்று தள்ளப்பட்டதோ அது இளமையோடு இருக்கிறது. தேர்ந்த கைகளுக்கு அடங்கும் பொருள் தலைமுறை கடந்து நிற்கும். அந்தக் கைகள் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய புதுமையும் ஒரு தலைமுறைக்குள் பொம்மையாகிவிடும்.

லாங்காஸ்டரை அடித்துச் சென்ற குவார்ட்ஸ் வெள்ளம் நம் நாட்டையும் விட்டுவைக்கவில்லை. 1961-ல் ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியின் உதவியோடு பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை ஏற்பட்டது. பரீட்சையில் தேறிய பிள்ளைக்கும், கல்யாண மாப்பிள்ளைக்கும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கும் அளிக்க அதைவிடச் சிறந்த பொருள் இல்லை என்று ஒரு தலைமுறை முழுவதும் எண்ணியிருந்தது. 1984-ல் தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா கம்பெனியாரும் சேர்ந்து டைட்டன் ஸ்தாபனத்தைத் தொடங்கி, ஓசூரில் தொழிற்சாலை கண்டார்கள். அவர்கள் முதலிலேயே குவார்ட்ஸில் கை வைத்து வென்றார்கள். சாவிக் கடிகாரங்களையே பெரிதும் நம்பியிருந்த எச்.எம்.டி. தளர்ந்தது. அதன் கடிகாரக் கம்பெனியை மூடிவிட 2016-ல் மத்திய மந்திரிசபை முடிவு செய்தது. காலம் அறிந்து மாறாத தொழில் நிலைப்பதில்லை என்பது இதில் ஒரு பாடம். ஆனால் அது பாதிப் பாடமே. மாறுவதற்கு முந்திக்கொண்ட ஹாமில்டனும் அல்லவா ஊரை இழந்தது? புதுமையைச் செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது. அதைப் பேணத் தெரிந்தவர்களையும் கூடவே உண்டாக்க வேண்டும். இதுவே மற்றப் பாதி.

தானியங்கிக் கடிகாரம் வைத்திருப்போரும் வாங்க எண்ணுவோரும் சில காரியங்களை மனத்தில் கொள்வது நலம். பல நாள் கழற்றி வைத்திருந்தால், கட்டிக்கொள்ளுமுன் தலைத்திருகைச் சில முறை திருகி வில்லுக்குச் சற்று உயிர் கொடுக்க வேண்டும். ஒலிபெருக்கி முதலிய காந்தமுள்ள பொருள்களின் மேல் வைக்கலாகாது. காந்தம் ஏறினால் கடிகாரம் தாறுமாறாக ஓடும். சில வருஷங்களுக்கு ஒருமுறை பிரித்து எண்ணெயிடுவது அவசியம். எண்ணெய் வறண்ட யந்திரம் ஓடிக்கொண்டே தேயும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அநேகமாக நம் ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும், தாத்தாவோ தகப்பனாரோ கட்டியிருந்த சாவிக் கடிகாரம் ஒன்று நின்றுபோய்க் கிடக்கும். கடைவீதியில் பூதக்கண்ணாடியோடு அமர்ந்திருக்கும் ரிப்பேர்க்காரர் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார். அவருக்கும் வயதாகிவிட்டது, பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்கும் பையனைத்தான் காணோம். ஸ்விட்ஸர்லாந்திலிருந்து பழமையை விலை கொடுத்து வரவழைக்குமுன், அலமாரியில் உள்ளதை அவரிடம் எடுத்துச் செல்லலாமே. அவருக்குக் கிடைக்கும் கூலி சிறிதுதான். ஆனால் வேலை வருகிறதென்று கண்டால், நாளைக்கு ஒரு பையன் அவர் பக்கத்தில் வந்து உட்காரக்கூடும்.